மயங்கிக் கிடப்பவனுக்காகப் பேசுவது யார்?

நொச்சிக்குப்பத்து மீனவரானாலும், ஆலைத் தொழிலாளியானாலும், விவசாயக் கூலியானாலும், ஆபரேஷன் மேஜையில் மயங்கிக் கிடக்கும்போது வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்ல முடியாது. தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏற்றிவிட்டால் விரலைக்கூட அசைக்க முடியாது. அந்த நேரத்தில் அவருக்காகப் பேசுவது நாடித்துடிப்புதான். மயக்கம் குறைந்து வலி எட்டினால் துடிப்பு ஏறும். ரத்தம் அதிகம் போனாலும் ஏறும். பிராணவாயு மிகவும் குறைந்துவிட்டால் துடிப்பு விழும்.

இந்த நாடியை அலட்சியம் செய்த கதை நம் நாட்டிலேயே நடந்தது. 1888லும் 1889லும் நிஜாமின் ஆதரவில், ஹைதராபாத்தில் டாக்டர் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்திய இரண்டு கமிஷன்கள் குளோரோபாரத்தை ஆராய்ந்தன. மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்று முடிவு கூறின. அந்த முடிவு நிலைத்ததா? இல்லை! லேசான குளோரோபார மயக்கத்திலேயே இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று 1911ல் லெவி என்ற ஆராய்ச்சியாளர் பூனைகளிடம் சோதித்துக் காட்டினார்.

இன்று விரல் நுனியில் மாட்டும் ஒரு சிறு கருவி நாடியையும் ரத்தத்திலுள்ள பிராணவாயுவையும் சேர்த்தே காட்டுகிறது. 1974ல் ஜப்பானியரான அயோயாகி இதற்கு வழி கண்டார். மயக்க மருந்து கொடுக்குமுன் இக்கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2008ல் வகுத்த பட்டியல் கூறுகிறது. ஆனாலும் உலகில் சுமார் 77,000 ஆபரேஷன் அறைகளில் இக்கருவி இல்லை என்று 2010ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இல்லாமற்போனது பெரும்பாலும் எங்கே? ஏழை நாடுகளில்தான்!

கருவி மட்டும் போதுமா? போதாது. வலை கனத்தால் மீன் நிறைந்ததா, பாறையில் மாட்டியதா என்பதைக் குப்பத்து மீனவரின் கை அறியும். அதுபோல, துடிப்பு ஏறினால் வலியா, ரத்தப்போக்கா என்று பிரித்தறியப் பயிற்சி பெற்ற மயக்க மருந்து டாக்டர் வேண்டும். அட்டெனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைக்கும். அப்போது கருவி காட்டும் எண்ணே ஏமாற்றக்கூடும். ஆகவே, தின்னும் மாத்திரை எதுவானாலும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கத்தி எடுக்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் ஓடுகிற கருவி இருக்கட்டும். நோயாளி கண் விழிக்கும்வரை அகலாத மயக்க மருந்து டாக்டர் இருக்கட்டும். இது யாரும் போடும் பிச்சையல்ல. உழைக்கும் ஜனங்களின் உரிமை, ஒன்றுபட்டுக் கேட்போம்!