வாலில் முதல் வைத்திருக்கும் பல்லி



கடைச் சுவரில் பல்லி கத்தினால் சகுனம் பார்க்கிறோம். மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கிறோம். பல்லியிடம் வியாபாரப் பாடம் கேட்டவர் நம்மில் உண்டா? சிரிக்க வேண்டாம். மந்தமான மாதங்களில் நம் மளிகைக் கடைக்காரர்கள் படும் அவதியை ஆண்டுதோறும் பார்த்து வருகிற நமக்கு, ஒரு பல்லியின் பழக்கத்தை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

அதன் பெயர் லெப்பர்டு கெக்கோ. தமிழில் சிறுத்தைப் பல்லி எனலாம். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள். நம் வீட்டுப் பல்லியைப் போல இதற்குச் சுவரில் ஏறத் தெரியாது. ஆனால் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பகுதிகளின் கல்லும் வறட்சியுமான நிலமே இதன் பூர்வீகம். கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் காட்சிசாலைப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் இதை முறைப்படி விவரித்து எழுதினார். அந்தப் பல்லி கிடைத்த இடம் பஞ்சாபின் உப்பு மலைத்தொடர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த மலை இந்துப்புக்குப் பேர்போனது என்பது மளிகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். பிறப்பதும் வளர்வதும் பெட்டிக்குள்ளேதான். பழகிய பிராணி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கும். பூச்சியும் புழுவும்தான் ஆகாரம். தவிட்டில் வளர்த்த மாவுப் புழுவைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுக்கிறார்கள்.

வளர்ப்பவர்களுக்கு ஒரு பெரிய கவலை உண்டு. நேற்று வரை நன்றாகத் தின்ற பல்லி ஒரு நாள் தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும். குளிர்காலமானால் சில பல்லிகள் இரண்டு மூன்று மாதம்கூடப் பட்டினி கிடக்கும். புதிதாக வளர்ப்பவர் பதறிப்போவார். அனுபவப்பட்டவர் முதலில் அதன் வாலைப் பார்ப்பார்.

விஷயம் அந்த வாலில்தான் இருக்கிறது. தீனி கிடைக்கும் காலத்தில் தின்றதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக்கி இந்தப் பல்லி வாலில் சேர்த்து வைக்கிறது. நன்றாக இருக்கும் பல்லியின் வால் உருண்டு திரண்டிருக்கும். வறண்ட பூமியில் பிறந்த பிராணி அல்லவா? இரை இல்லாத நாளும் வரும் என்பது அதன் உடம்புக்கே தெரிந்திருக்கிறது. வால் தடித்திருக்கும் வரை, வளர்ந்த பல்லிக்குச் சில வாரப் பட்டினி ஒரு பொருட்டே அல்ல.

நம் கடைகளுக்கும் பட்டினி மாதங்கள் உண்டு. ஆடியில் கல்யாண வீட்டுச் சரக்குப் பட்டியல் வராது. தீபாவளி முடிந்த கையோடு வாடிக்கையாளரின் பையும் காலியாகிவிடும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் மளிகைப் பணத்தைத் தின்றுவிடும். இவையெல்லாம் பருவத்தின் குணம், கடையின் குற்றம் அல்ல. ஆனால் அந்த மாதங்களில் நம்மவர் செய்வது என்ன? கல்லா சற்றுக் காய்ந்தவுடன் தண்டல்காரரைத் தேடி ஓடுகிறார். மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க வரும் சேல்ஸ்மேன் ‘ஸ்கீம் இருக்கிறது அண்ணாச்சி, பத்துப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் தலையாட்டுகிறார். விற்பனை இல்லாத கடைக்குள் கடனுக்குச் சரக்கு நிரம்புகிறது.

தின்னாத பல்லியின் வாயைப் பிளந்து ஊட்டுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இந்தப் பிராணிக்குச் செரிமானம் வெளிச்சூட்டை நம்பியது. படுக்கும் இடத்தில் ஒரு பக்கமாவது 32 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சூடில்லாத பெட்டியில் இரையைத் திணித்தால், அது செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப் பிராணியைக் கொல்லும். ஓட்டமில்லாத மாதத்தில் திணித்த சரக்கும் அப்படித்தான். அலமாரியிலேயே காலாவதியாகும், அதற்குரிய வட்டி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மிகவும் பயந்துபோனால் இந்தப் பல்லி வாலையே உதறிவிட்டு ஓடும். உயிர் தப்பும், ஆனால் சேர்த்த கொழுப்பெல்லாம் அந்த வாலோடு போய்விடும். மறுபடி முளைக்கும் வால் பழைய வடிவத்தில் இருப்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது சில்லறை இல்லாமல் கடைவீதிகள் வெறிச்சோடின. அந்த வாரங்களில் பயந்து அடக்கத்துக்கும் குறைத்துச் சரக்கைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. வியாபாரம் திரும்பி வந்தது. அவர்கள் முதல் திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று.

அப்படியானால் மந்தம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அதுவும் ஆபத்துதான். பல்லியின் பட்டினி எல்லாமே ஓய்வு அல்ல. குடற்கிருமி இருந்தாலும், மணலை விழுங்கி வயிறு அடைத்துக்கொண்டாலும், எலும்பு நோய் கண்டாலும் அது தின்னாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசத்தைக் காட்டுவது தராசு ஒன்றுதான். தெரிந்தவர்கள் வாரம் ஒருமுறை பல்லியைக் கிராம் தராசில் நிறுத்துக் குறித்து வைக்கிறார்கள். 60 கிராம் பல்லி மாதம் கழித்தும் 58 கிராம் இருந்தால் தண்ணீரை மட்டும் மாற்றி வைத்துவிட்டுச் சும்மா விடுவார்கள். பத்தில் ஒரு பங்கு இறங்கி 54-க்குக் கீழே போனாலோ, வால் குச்சியாக மெலிந்தாலோ, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

நாள் முழுதும் பிறர் சரக்கை நிறுத்துக் கொடுக்கும் நாம், நம் முதலை நிறுத்துப் பார்ப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். கல்லாவில் இருப்பது, வங்கியில் இருப்பது, நல்ல சரக்கின் அடக்க விலை, வருமென்று உறுதியான பாக்கி, இவற்றைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவதே நம் வால். ஆடி பிறக்கும்போது நான்கு லட்சமாக இருந்தது ஆடிக் கடைசியில் 3,80,000 என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 3,60,000-க்குக் கீழே போய்விட்டதா? அப்போது பருவத்தின் மேல் பழி போடாதீர்கள். வசூலாகாத பாக்கி, வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைப்பது, செல்போனில் ஆர்டர் போடப் பழகிவிட்ட வாடிக்கையாளர் என்று நோய் வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த பண்டிகைக்குக் காத்திருந்தால் முதலுக்கே மோசம்.

குஞ்சுகளின் கதை வேறு. அவற்றின் வாலில் சேமிப்பு மிகக் குறைவு. வளர்ந்த பல்லி தாங்கும் பட்டினியை அவை தாங்கா. கடை வைத்து ஓரிரு வருடமே ஆன இளைஞர்களை மூத்தவர்கள் ‘பொறுத்திரு தம்பி, எல்லாம் சரியாகிவிடும்’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. கணக்கை வாங்கிப் பாருங்கள். முடிந்தால் வட்டியில்லாத கைமாற்றுக்கு வழி செய்யுங்கள்.

நம் மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மந்த மாதத்தில் கடைக்காரர் கேட்காத மூட்டையை இறக்கி நம் கிடங்கைக் காலி செய்வது அன்றைக்கு லாபமாகத் தெரியும். அந்தக் கடை மூடினால் போவது நம் பாக்கியும்தான். கேட்ட அளவு மட்டும் கொடுப்போம். ஓடாததைத் தேதி முடியும் முன் திரும்ப எடுத்துக்கொள்வோம். இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிடலாம் என்பது நம் கருத்து. சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும்.

வால் தடிப்பது தீனி உள்ள காலத்தில்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்லா நிறையும்போது நூற்றுக்குப் பத்தாவது தனியாக எடுத்து, வேறொரு வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஆடி வரும்போது அதைத் தொட்டுக்கொள்ளலாம்.