குலை நோயும் சர்வகலாசாலையும்

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நெல்லை நம்பி வாழும் குடியானவனுக்குக் குலை நோயைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பங்காரு வாய்க்கால் வழியே பெண்ணையாற்று நீர் வந்து பாகூர் ஏரி நிறைந்தால் அவன் மனமும் நிறைகிறது. ஆனால் சம்பாப் பருவத்தில் பனியும் குளிரும் கூடும்போது இலைகளில் கண் போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. பின்னர்க் கதிரின் கழுத்து கறுத்து ஒடிகிறது. களத்திற்கு வருவது நெல்லன்று, பதரே. ஏரி நிரம்பியும் குதிர் நிரம்பாத இக்கொடுமைக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூசணம்.

இப்பகைவன் நமக்குப் புதியவனல்லன். 1919-ஆம் ஆண்டிலேயே தஞ்சை ஜில்லாவில் பெருஞ்சேதம் விளைவித்தவன். கோயமுத்தூர் ஆராய்ச்சியாளர்கள் கோ 4 என்ற ரகத்தின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டு கோ 25 முதலிய ரகங்களை உண்டாக்கினர். எனினும் போர் முடியவில்லை. ஜனங்கள் விரும்பி உண்ணும் வெள்ளைப் பொன்னியும் பி.பி.டி. 5204-ம் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன.

ஒரு முறை நல்ல ரகத்தைக் கண்டுவிட்டால் என்றைக்கும் போதாதா? போதாது. பூசணத்தின் சில அடையாளங்களைக் கண்டே பயிர் அதனைத் தடுக்கிறது. அவ்வடையாளத்திற்குரிய ஜீனைப் பூசணம் மாற்றிக்கொண்டாலோ, அறவே இழந்துவிட்டாலோ, மாறுவேடம் பூண்ட திருடனைப் போலக் காவலைக் கடந்து நுழைகிறது. 2005-இல் ரால்ப் டீனும் அவருடைய சகாக்களும் இப்பூசணத்தின் பரம்பரை ஏடு முழுவதையும் வாசித்து வெளியிட்டனர். சுமார் 4 கோடி எழுத்துக்களும், ஏறத்தாழ 11,000 ஜீன்களும் கொண்ட அவ்வேட்டில், இடம் விட்டு இடம் தாவும் துணுக்குகள் மலிந்து கிடக்கின்றன. வேடம் மாறுவதற்கு அவையும் ஒரு காரணமாகும்.

ஏழை நாட்டிற்கு இத்தனை நுண்ணிய சாஸ்திரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வங்கதேசம் தனவந்த நாடன்று. 2016-இல் அங்கே இதே இனப் பூசணம் கோதுமையைத் தாக்கி, சுமார் 15,000 ஹெக்டேரில் பரவியது. வயலிலிருந்தே நோயுற்ற இலைகளை எடுத்து, அவற்றிலுள்ள பூசணத்தின் ஜீன்களை வாசித்து, முடிவுகளை உலகறிய வெளியிட்டனர். 1985-இல் பிரேஸிலில் முதன்முதல் காணப்பட்ட கோதுமைக் குலை நோயின் வமிசமே அங்கு வந்தது என்பது சில வாரங்களுக்குள் விளங்கிற்று. பகைவன் இன்னான் என்று அறிந்தபின் தக்க ரகத்தைத் தேடுவதும் எளிதாயிற்று.

புதுவைக்கு இதற்கான சாதனங்கள் இல்லாமலில்லை. காலாப்பட்டில் 1985-இல் நிறுவப்பெற்ற சர்வகலாசாலை இருக்கிறது; காரைக்காலில் ஜவாஹர்லால் நேரு விவசாயக் கலாசாலை இருக்கிறது; குரும்பாபேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இம்மூன்றும் ஒன்றுகூடி, ஒவ்வொரு சம்பாவிலும் பாகூர், வில்லியனூர் வயல்களின் நோயிலைகளைச் சேகரித்துப் பூசணத்தின் ஜீன்களை வாசிக்க வேண்டும். எந்த ரகத்திற்கு ஆபத்து நெருங்குகிறதென்பதை அடுத்த விதைப்பிற்கு முன்பே கிராமந்தோறும் தமிழில் அறிவிக்க வேண்டும். இதற்கான பொருளைச் சர்க்கார் ஆண்டுதோறும் தவறாது ஒதுக்க வேண்டும். பூசணம் ஓய்வெடுப்பதில்லையாதலால், இரண்டாண்டு நடத்திக் கைவிடும் திட்டத்தால் பயனில்லை.

நோய் கண்டபின் மருந்து தெளிக்கும் செலவு கடன்பட்ட குடியானவன் தலையிலேயே விழுகிறது. முன்னறிவிப்பின் செலவைப் பொதுப்பணம் தாங்கட்டும். சர்வகலாசாலைகள் நடப்பது அவன் கொடுக்கும் வரியாலுமன்றோ? அவன் வயலின் பகைவனை அவனுக்கு அறிவிப்பது தருமமன்று, கடமை. சர்க்காரும் கல்விமான்களும் வரும் சம்பாவிலேயே இதனைத் தொடங்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.