டிக் போடும் கை யாருடையது?

எந்த இங்கிலீஷ் வகுப்பை எடுப்பது? அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கல்லூரி அனுமதியை மனதில் வைத்து ஒரு படிவத்தில் டிக் போடுகிற விஷயம், அவ்வளவுதான். ஆனால் அந்த டிக்கைப் போடும் கை யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் அந்தச் சமூகத்தின் அதிகார அடுக்கு முழுசும் வெளியே வந்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் ஊர் பள்ளிக்கூடத்துக்கும் தலித் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். 1972ல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டார்கள். 1946ல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அங்கே நடப்பது நமக்கு அயலான் வீட்டுச் சேதி அல்ல.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். அங்கே ஒரே பள்ளியில் ஒரே பாடம் பல படிகளில் நடக்கிறது. சாதாரண வகுப்பு, அதற்கு மேலே ஹானர்ஸ், அதற்கும் மேலே 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏ.பி. கல்லூரித் தரப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்தி, மே மாதத்தில் பொதுப் பரீட்சை வைத்து, 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். இங்கிலீஷில் இரண்டு ஏ.பி. உண்டு. 'மொழியும் கட்டுரையும்' என்பது ஒன்று, பெரும்பாலும் பதினோராம் வகுப்பில். 'இலக்கியமும் கட்டுரையும்' இன்னொன்று, பெரும்பாலும் பன்னிரண்டில்.

கல்லூரிக்காரன் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் படியில் உட்கார்ந்து அந்த மார்க்கை வாங்கினாய் என்று பார்க்கிறான். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் பள்ளி ஆலோசகர் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் கிடைக்கிற பாடங்களில் இந்த மாணவர் எடுத்தவை எவ்வளவு கடினமானவை என்று அங்கே கேட்கிறார்கள். மேல்படியில் இருந்தவனுக்கு 'துணிந்தவன்' என்று பெயர். கீழ்ப்படியில் இருந்தவனுக்கு 'ஆர்வமில்லாதவன்' என்று பெயர். இவனைக் கீழ்ப்படியில் உட்கார வைத்தது யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இந்த ஏற்பாடு பிறந்த கதையைப் பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும், ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற பணக்காரத் தனியார் பள்ளிகளும் கூடிப் பேசியதில் முளைத்தது இது. 1955ல் காலேஜ் போர்டு இதைக் கையில் எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1954ல்தான், கறுப்பருக்குத் தனிப் பள்ளி வெள்ளையருக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தனிப் பள்ளி போன இடத்தில் தனி வகுப்பறை வந்து உட்கார்ந்தது என்பது வரலாறு. வாசல் ஒன்று, உள்ளே போனால் பாதை இரண்டு. வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் பிள்ளைகளை இப்படித் தடம் பிரித்தது கறுப்பின, ஏழைப் பிள்ளைகளுக்கு இழைத்த அநீதி என்று 1967ல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் தீர்ப்பளித்து அந்த முறையை ரத்து செய்தார்.

அதோடு முடிந்ததா? இல்லை. 1996ல் கலிபோர்னியாவில் 209ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் ஜெயித்தது. அரசுப் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார்கள். 'தகுதி' மட்டுந்தான் பேசணுமாம். நமக்குப் பழகிய வார்த்தைதான். 1998ல் பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அனுமதி பெற்ற கறுப்பின, லத்தீனோ பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. 1999ல் இங்கிள்வுட் பள்ளி மாணவர்கள் சார்பில் ஒரு வழக்குப் போடப்பட்டது. அவர்கள் பள்ளியில் கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள். அங்கே நடந்த ஏ.பி. பாடங்கள் மூன்றே மூன்று. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் பெவர்லி ஹில்ஸ் பள்ளியில் பத்துக்கும் மேலே. சாதாரண வகுப்பில் 'ஏ' வாங்கினால் 4 புள்ளி, ஏ.பி. வகுப்பில் 'ஏ' வாங்கினால் 5 புள்ளி என்பது அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. வகுப்பே நடத்தாத பள்ளியில் படிக்கிற பிள்ளை எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்த ஐந்தாவது புள்ளியை எங்கே போய் வாங்குவாள்? இதைத்தான் தகுதி என்கிறார்கள். 2023 ஜூன் 29ல் உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் அதே கதவை நாடு முழுக்கச் சாத்திவிட்டது.

வகுப்பு நடக்கிற பள்ளியிலும் காவல் உண்டு. முந்தைய ஆண்டு ஆசிரியர் சிபாரிசு செய்யணும், ஹானர்ஸில் இருந்திருக்கணும், கோடை விடுமுறையில் புத்தகங்கள் படித்துக் குறிப்பு எழுதி வரணும் என்று பள்ளிக்குப் பள்ளி ஒரு தடை. பரீட்சைக்கு நூறு டாலரை ஒட்டிக் கட்டணம். ஏழைகளுக்குக் குறைப்பு உண்டு, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறதென்று யாராவது சொல்ல வேண்டுமே. 'உனக்கு அது கஷ்டம்மா, சாதாரண வகுப்பே போதும்' என்று ஆலோசகர் அன்பாகச் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. வசவு கூட இல்லை. கரிசனம்!

இதில் ஒரு குரூரமான வேடிக்கையும் இருக்கிறது. ஏ.பி. இலக்கியப் பரீட்சைத் தாளில் எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்படும் நூல்களின் பட்டியலில் மிக அதிக முறை இடம்பெற்ற நாவல் ரால்ஃப் எல்லிசன் 1952ல் எழுதியது. பார்க்க மறுக்கிறவர்களின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் போன ஒரு கறுப்பு மனிதனின் கதை அது. அந்த நாவலை அலசும் வகுப்பறைக்குள் அந்த மனிதனின் பேரப்பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பீமாராவ் என்கிற பையனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவன் சமஸ்கிருதம் படிக்க விரும்பினான். தீண்டப்படாதவனுக்கு அது கிடையாது என்றார்கள். பாரசீகம் எடுத்துக்கொண்டான். பள்ளிப் பதிவேட்டில் 'இரண்டாம் மொழி: பாரசீகம்' என்று இருந்திருக்கும். பார்க்கிறவன் அவனே விரும்பி எடுத்தான் என்றுதானே நினைப்பான்? பிறகு அவரே முயன்று சமஸ்கிருதம் கற்று அவர்கள் சாத்திரங்களையெல்லாம் புரட்டிப் போட்டார் என்பது வேறு கதை. எல்லாப் பிள்ளைகளும் அம்பேத்கராக இருந்தால்தான் பிழைக்க முடியும் என்கிற பள்ளி, பள்ளியா?

வழி இல்லாமல் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெடரல் வே என்ற ஊரின் பள்ளி மாவட்டம் 2010ல் ஒன்று செய்தது. மாநிலப் பரீட்சையில் தேறிய எல்லாப் பிள்ளைகளையும், யார் சிபாரிசும் கேட்காமல், மேல்படி வகுப்பில் தானாகவே சேர்த்தது. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். 2019ல் மாநிலம் முழுமைக்கும் அதையே சட்டமாக்கினார்கள். இங்கிலீஷ் பாடமும் அதில் அடக்கம். உள்ளே வர அனுமதி கேட்டு நின்ற நிலை போய், வெளியே போகத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனது. எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய தலைகீழ்!

படிவத்தைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைக்கு, அது யார் வீட்டுப் பிள்ளையானாலும், நாம் சொல்ல இரண்டொன்று உண்டு. ஒன்றுதான் முடியும் என்றால் 'மொழியும் கட்டுரையும்' எடு. கவிதை எழுதுகிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு பேச்சு எப்படி ஆளை மயக்குகிறது, ஒரு வாதம் எங்கே ஓட்டை விடுகிறது, எதிர்வாதத்தை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அங்கேதான் பாடம். எழுத்துக் கற்பது கூடாது என்று எஜமானன் தடுத்தும் கற்ற பிரெடரிக் டக்ளஸும், 1963ல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதமும் பல வகுப்புகளில் படிக்கப்படுவது அந்தப் பாடத்தில்தான். அடுத்த ஆண்டு இலக்கியத்துக்குப் போ. அலங்காரத்துக்காக ஆறேழு ஏ.பி.யைச் சுமந்து எல்லாவற்றிலும் தடுமாறாதே. உன் பள்ளியில் அந்த வகுப்பே இல்லையென்றால் அதை ஆலோசகரின் அறிக்கையில் எழுதச் சொல். 'உனக்குக் கஷ்டம்' என்றால் எந்த விதியில் இருக்கிறது என்று கேள். எழுத்தில் கொடுங்கள் என்று கேள்.

நம்ம ஊருக்கு வருவோம். பத்தாவது முடித்து பிளஸ் ஒன்னுக்குப் போய் நிற்கிற சேரிப் பிள்ளையிடம், 'பர்ஸ்ட் குரூப்பெல்லாம் உனக்கு எதுக்குடா, தொழிற்பிரிவுல சேந்துக்க, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்' என்று சொல்லும் குரல் நம்மில் யாருக்குத்தான் கேட்டதில்லை? அந்த ஒரு வாக்கியத்தில் பொறியியல், மருத்துவம், ஆராய்ச்சி எல்லாக் கதவுகளும் சாத்தப்படுகின்றன. இரண்டு வருஷம் கழித்து, 'விண்ணப்பிக்க ஆள் இல்லை' என்று இடஒதுக்கீட்டு இடத்தைக் காட்டிக் கை விரிப்பார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தோழர்கள் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தக் குரூப் கொடுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பாடம் பிள்ளையின் உரிமை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பிள்ளைக்குத்தான், தலைமையாசிரியருக்கு அல்ல.