கொரியப் பாடலும் கொங்குத் தமிழின் ‘ங்க’வும்

பி.டி.எஸ்., பிளாக்பிங்க் முதலிய குழுக்களின் பாடல்கள் வழியே கொரிய மொழியை அணுகும் தமிழ் இளையோர் முதலில் வியப்பது ‘ஒம்மா’, ‘அப்பா’ என்னும் சொற்களையே. இவ்வியப்பு புதிதன்று, ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூலே எழுதினார். எனினும் தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உறவற்ற மொழிகளிலும் ஒத்திருப்பதன் காரணத்தை யாக்கப்சன் விளக்கியுள்ளார். இத்தகு சொற்பட்டியலைக் கொண்டு மொழியுறவை நிறுவ முனைவது ஆய்வாகாது.

ஒப்பிடத்தக்கது வேறொன்று உண்டு. போத்தனூர் உள்ளிட்ட கொங்குப் பகுதியின் பேச்சில் ‘ங்க’ வினையோடு நில்லாது ‘நானுங்க’, ‘நாளைக்குங்க’, ‘இல்லீங்க’ எனப் பிற சொற்களோடும் சேரும். பிற வட்டாரங்களிலும் இது உண்டெனினும் கொங்கில் இதன் ஆட்சி மிகுதி. இங்கு மதிக்கப்படுபவர் எழுவாயல்லர், கேட்போர். கொரிய ‘யோ’வும் அத்தகையதே. தன்மைப் பெயரோடு அது சேரின் ‘நானுங்க’ என்பதே பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இப்பணிவு மறைந்துவிடுகிறது. கொங்கு மாணவருக்கோ அதனை விளக்க வேண்டுவதில்லை.

இது வகைமை ஒப்புமையே, உறவுக்குச் சான்றன்று. ஆயினும் தமிழ்த்துறைகள் கொரியப் பாடல்களை ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழாக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். அதற்கு எழுத்துத் தமிழ் போதாது. ‘யோ’வுக்கு நிகரான உருபு வட்டார வழக்கில்தான் இருக்கிறது; அவ்வழக்கையோ வகுப்பறை இன்னும் பிழையெனத் திருத்திக்கொண்டிருக்கிறது.