நாலு பாட்டுதானா என்று கேட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். டீச்சர் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பேரன் மூன்று நண்பர்களோடு கிட்டார் ராக் இசைக்குழு வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரம் நாலு பாட்டு வெளியிட்டார்கள். கம்பெனி எதுவும் கிடையாது, எல்லாம் சொந்த ஏற்பாடு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் பதில், "நாலு பாட்டுதானா?" அடுத்தது, "இதுல என்ன வருமானம்?" மூன்றாவது ஒரு சிரிப்புப் பொம்மை. பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னதாக ஒரு பதிலும் இல்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முன்பு ஸ்டுடியோ வாடகைக்கு என்னிடம் 20,000 ரூபாய் கடன் கேட்டான். "முதல்ல எம்.காம். முடி, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "சின்ன ஆச்சி, இதை மட்டும் கேளுங்க" என்று ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டைப் போட்டான். அதன் கதையைப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பையன்கள், குழுவின் பெயர் பஸ்காக்ஸ். குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28-ஆம் தேதி ஒரே நாளில் நாலு பாட்டைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஜான் மேஹருக்கு வயது 16. நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன் பையன்! பெரிய கம்பெனிகளின் வாசலில் போய் நிற்காமல் 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்து, 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற அந்தச் சின்ன இசைத்தட்டை 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். முதலில் போட்டது 1,000 தட்டு. அது சீக்கிரமே தீர்ந்து, கடைசியில் 16,000 வரை விற்றதாம். அட்டைப் படமும் மேனேஜர் போலராய்டு கேமராவில் எடுத்ததுதான்.

எனக்குப் பிடித்தது வேறு. எந்தப் பாட்டு எத்தனையாவது தடவை வாசித்தது, எதில் கிட்டாரைப் பின்னால் சேர்த்தார்கள் என்பதை அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மூன்று பாட்டு முதல் தடவையிலேயே எடுத்தது, ஒன்று மூன்றாம் தடவை. அடித்தல் திருத்தலோடு நோட்டை நீட்டும் பிள்ளைகளைத்தான் நான் எப்போதும் நம்புவேன். அதில் 'போர்டம்' என்ற பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் இரண்டே ஸ்வரம், அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சலிப்பைப் பற்றிய பாட்டு என்று தெரிந்தபின் சிரிக்கவில்லை.

இப்படி வெளிவரும் தட்டெல்லாம் பேர் வாங்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை மறந்துபோகும், நம் பையனுடையதும் மறந்துபோகலாம். ஆனால் கையில் நாலு பாட்டு இருந்தால் நாலு பாட்டு போடுவதுதான் நேர்மை. பத்தாக்க வேண்டும் என்று ஆறு பாட்டு இட்டு நிரப்பினால், பத்து மார்க் கேள்விக்குக் கதையளந்து பக்கம் நிரப்பிய விடைத்தாள் மாதிரிதான் இருக்கும். அந்த மாதிரித் தாள்கள் ஆயிரம் திருத்தியிருக்கிறேன்.

"சினிமாவுல சான்ஸ் கேட்கச் சொல்லுங்க" என்று எழுதிய மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. அவன் இன்னொருவர் படத்துக்குப் பாட ஆசைப்படவில்லை. தன் பாட்டைத் தானே பாட நினைக்கிறான். இரண்டும் வேறு வேறு வேலை.

பணத்தைப் போன மாதம் கொடுத்துவிட்டேன். திருப்பித் தருவேன் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனே எழுதினான்.

நாலு பாட்டும் சேர்ந்து 14 நிமிஷம். லிங்க் கீழே கமெண்டில் போட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள், தடையில்லை. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் சத்தத்தில் வார்த்தை ஒன்றும் புரியவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். "வேணும்னுதான் அப்படி வச்சோம் ஆச்சி" என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.