ஆதார் நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் பணம் வேறொருவருக்குப் போய்விடுமா? கடைசி எண்ணில் இருக்கும் கணக்கு இதுதான்!

பழவேற்காடு ஏரியை நம்பியிருக்கும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற மீனவ கிராமங்களில் ரேஷன் கார்டு, பாஸ்புக்கோடு ஆதார் ஜெராக்ஸும் எப்போதும் கைவசம் இருக்கும். அரசு உதவிக்கு மனு போடும்போது பலருக்கும் வரும் பயம் ஒன்றுதான்: "நம்பரைத் தப்பா அடிச்சிட்டா நம்ம பணம் என்ன ஆகும்?"

பதில், அந்த எண்ணின் கடைசி இலக்கத்தில் இருக்கிறது.

12 இலக்கம்... 8,000 கோடி எண்கள்!

ஆதார் எண் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. முதல் இலக்கம் 2 முதல் 9 வரை ஏதாவது ஒன்று. அடுத்த 10 இலக்கங்கள் குலுக்கல் மாதிரி அமைபவை. ஊர், சாதி, பிறந்த தேதி எதுவும் அதில் ஒளிந்திருக்காது. இப்படி 8,000 கோடி எண்கள் கிடைக்கும்.

12-வது இலக்கம் மட்டும் குலுக்கல் இல்லை. முன்னால் உள்ள 11 இலக்கங்களை வைத்துப் போடும் கணக்கின் விடை அது.

சும்மா கூட்டினால் போதாதா?

போதாது. 37 என்பதை 73 என்று அடித்தாலும் கூட்டுத்தொகை 10தான். தப்பு தெரியாது.

இதற்குத்தான் நெதர்லாந்து கணிதவியலாளர் ஜேகபஸ் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை பயன்படுகிறது. ஐந்து பக்கமும் சமமான ஒரு அட்டையைச் சுற்றியும் புரட்டியும் அதே இடத்தில் 10 விதமாகப் பொருத்தலாம். 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் அதில் ஒரு விதம். சுற்றிவிட்டுப் புரட்டுவது வேறு, புரட்டிவிட்டுச் சுற்றுவது வேறு. அதாவது, வரிசை மாறினால் விடையும் மாறும். இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும்.

இதனால் ஒரே ஒரு இலக்கம் தப்பானாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு இடிக்கும். அந்த எண் செல்லாது.

எங்கே கோட்டை விடும்?

பல இலக்கங்கள் தாறுமாறாக மாறினால், பத்தில் ஒரு முறை கணக்கு தற்செயலாகச் சரியாக வந்துவிடலாம்.

இன்னொன்றுதான் முக்கியம். மனைவியின் மனுவில் கணவரின் ஆதார் எண்ணைப் போட்டாலும் கணக்கு 'சரி' என்றே சொல்லும். எண் முறையாக இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும், யாருடையது என்பது தெரியாது. அதைச் சொல்ல பெயர், கைரேகை, ஓடிபி வேண்டும்.

பணம் வரலையா? இதைப் பாருங்க!

"நம்பர் கரெக்டா இருக்கு" என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம். மனுவில் இருக்கும் எண் உங்கள் பெயருக்கு உரியதுதானா என்று பாருங்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அது எந்த வங்கி என்பதை மைஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். ஆதார் குறித்த சந்தேகங்களுக்கு உதவி எண் 1947.