ஏலக்காயின் அறிவியல் பெயருக்குள் ஒளிந்திருக்கும் நம்ம ஊர்ச் சொல்

எலெட்டேரியா கார்டமோமம். ஏலக்காயின் அறிவியல் பெயர் இது. கேட்டா லத்தீன் மாதிரிதான் இருக்கும். முதல் சொல்லை மட்டும் மெதுவா சொல்லிப் பாருங்க: ஏலத்தரி. ஏலம், அரி. அரின்னா விதை. நாம ஏலரிசின்னு சொல்றோமே, அதேதான்.

மலைக்கு அந்தப் பக்கம் புழங்கிய இந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனது ஒரு புத்தகம் வழியாக. பெயர் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', அதாவது மலபார்த் தோட்டம். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தயாரித்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. 700-க்கும் மேற்பட்ட தாவரங்கள், பெரிய பெரிய படங்கள். அதன் 11-வது தொகுதியில் இருக்கிறது 'எலெட்டாரி'. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டிய லின்னேயஸ், 1753-ல் ஏலக்காயை வேறொரு பேரினத்தில் வைத்தார். 1811-ல் வில்லியம் மேட்டன் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது, பழைய உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

நியூட்டனின் 'பிரின்சிபியா' வந்தது 1687-ல். ஹோர்த்தூஸ் தொகுதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த அதே காலம். ஆனால் 'உலகை மாற்றிய அறிவியல் நூல்கள்' என்று பட்டியல் போட்டால் பிரின்சிபியா தவறாமல் வரும், இது வருவது அபூர்வம். கோட்பாடு எழுதினால்தான் அறிவியல், செடியை அடையாளம் காண்பது வெறும் கைவைத்தியம் என்ற எண்ணம்தான் காரணம். அது சரியில்லை.

இந்த நூலில் அறிவு யாருடையது என்பதும் பதிவாகியிருக்கிறது. செடிகளின் பெயரையும் மருத்துவ குணத்தையும் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். 1675-ல் அவர் கொடுத்த வாக்குமூலம், வட்டெழுத்துக்கு உறவான கோலெழுத்தில், முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் இருக்கிறது. காட்டுக்குள் போய்ச் செடியைப் பறித்து வந்தவர்களின் பெயர்கள்தான் இல்லை.

சரி, இதுல போடி எங்க வருது? நூல் போடிநாயக்கனூரைப் பற்றிப் பேசவில்லைதான். ஆனால் இந்தியாவில் அந்தச் செடி இன்று அதிகம் விளைவது போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலமலையில். காய் விலை பேசப்படும் இடங்களில் ஒன்று போடி. (ஏலத்துக்கே ஏலம் விடும் ஊர்!) விடியும் முன்பே ஜீப்பில் மலையேறும் பெண்கள், எந்தக் காய் பறிக்கும் பக்குவத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதி வைப்பவர்கள்தான் குறைவு.

தாவரவியலாளர் கே.எஸ்.மணிலால் பல்லாண்டு உழைத்து இந்த நூலை மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் ஆங்கிலத்திலும், 2008-ல் மலையாளத்திலும் வெளியிட்டது. எளிதாகக் கையில் கிடைக்கும் தமிழ்ப் பதிப்பு ஒன்றுக்கு நம் அரசும் பல்கலைக்கழகங்களும் பணம் ஒதுக்க வேண்டும். 12 தொகுதியும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், 11-வதிலிருந்து தொடங்கலாம். முதல் பிரதி போடி நூலகத்துக்கு வரட்டும்.